குருவி வெடி

பறவைகள்மேல் எனக்கு முதலில் வந்தது கோபம்தான்.

எண்பதுகளின் தொடக்கம். எனக்கு ஒன்பது வயது. பங்காளி வீட்டில் ஒரு சாவு விழுந்துவிட்டதால் எங்கள் வீட்டில் அந்த வருடம் தீபாவளி இல்லை. பிள்ளைகள் முகம் வாடிக் கிடப்பதைப் பார்க்கப் பொறுக்காமல் அத்தை வந்து என்னையும் தங்கையையும் கூட்டிப்போனார். அத்தையைக் கட்டிக்கொடுத்த ஊர் கொள்ளுக்குடிப்பட்டி. மேலூரிலிருந்து திருப்பத்தூர் போகிற சாலையில், திருப்பத்தூருக்குக் கொஞ்சம் முன்னால் இறங்க வேண்டும். இன்றைக்குச் சிவகங்கை மாவட்டம். அப்போது எல்லாமே ராமநாதபுரம்தான். சாவுக்கு முன்பே அப்பா வாங்கிவைத்த வெடிப் பொட்டலம் பரணில் கிடந்தது. அதிலிருந்து ஆறு குருவி வெடிகளை உருவி டவுசர் பையில் போட்டுக்கொண்டுதான் பஸ் ஏறினேன்.

போய் இறங்கிய பிறகுதான் விஷயம் தெரிந்தது. அந்த ஊரில் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. கண்மாயில் பறவை அடைந்திருக்கிறது, முட்டை வைத்திருக்கிறது, சத்தம் ஆகாது. கல்யாணத்துக்கும் கிடையாது, கோயில் திருவிழாவுக்கும் கிடையாது என்று மாமாவின் தம்பி மகன் ஏதோ சாதித்தவன்போலச் சொன்னான். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. வேண்டுமானால் கம்பி மத்தாப்பு கொளுத்தலாமாம். கம்பி மத்தாப்பு யாருக்கு வேண்டும்? அது கைக்குழந்தைகளுக்கு உள்ளது என்பது அன்றைய என் கொள்கை.

தீபாவளியன்று விடியுமுன் எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டி, புதுத்துணி போட்டுவிட்டு, கந்தரப்பம், வெள்ளைப் பணியாரம், இட்லி, கறிக்குழம்பு என்று இலையை நிறைத்தார் அத்தை. தின்றுகொண்டே காதைக் கொடுத்துக் கேட்டேன். எங்கோ தூரத்து ஊரில் ஒரு சரம் படபடத்து ஓய்ந்தது. இங்கே கேட்டதெல்லாம் கண்மாய்ப் பக்கமிருந்து வந்த சத்தம்தான். தாயக்கட்டையை உருட்டுவதுபோல ஒரு கடகடப்பு. அதற்கு நடுவே ‘வக்... வக்’ என்று தொண்டை கட்டியவன் செருமுவதுபோல ஒன்று. இந்தக் கூச்சலுக்காகவா என் வெடி போயிற்று என்று இருந்தது.

சாமி படத்துக்கு முன்னால் புகைந்துகொண்டிருந்த ஊதுபத்திகளில் ஒன்றை உருவிக்கொண்டு கரைக்குப் போனேன். மடைக்குப் பின்னால், யாரும் பார்க்காத சரிவில் குந்தி, முதல் வெடியைக் கொளுத்தினேன். பை ஈரத்தில் நமுத்திருந்தது. ‘புஸ்’ என்று அடங்கிவிட்டது. இரண்டாவது வெடித்தது.

குருவி வெடி ஒன்றும் பெரிய வெடி அல்ல. அணுகுண்டு, லட்சுமி வெடி என்றெல்லாம் இருக்கிற உலகத்தில் அது கடைசிப் பிள்ளை. ஆனால் அந்தக் கண்மாயில் அது விழுந்த விதம் வேறு. ஒரு கணம் எல்லாச் சத்தமும் நின்றது. பிறகு தண்ணீருக்குள் நின்ற அத்தனை கருவேல மரங்களிலிருந்தும் வெள்ளையும் கறுப்புமாக ஒரே நேரத்தில் எழும்பியது. நூறு பேர் சேர்ந்து நூறு சாக்கை உதறினால் எப்படியிருக்கும், அப்படி ஒரு ஓசை. மீன் கவிச்சியும் எச்ச நாற்றமும் கலந்த காற்று என் முகத்தில் அடித்தது. தலைக்கு மேலே வானம் தெரியவில்லை. பயத்தில் ஊதுபத்தியைத் தண்ணீரில் போட்டேன்.

திரும்பிப் பார்த்தால் மாமா. தோளில் மண்வெட்டி, காலில் சேறு. பண்டிகை நாளிலும் மடை பார்க்க வந்திருக்கிறார். காதைத் திருகுவார் என்று எதிர்பார்த்தேன். “உக்காரு மாப்ள” என்று மட்டும் சொன்னார். தானும் உட்கார்ந்து, மண்வெட்டியைப் பக்கத்தில் சாய்த்து, மடியிலிருந்து வெற்றிலையை எடுத்தார்.

“அங்க பாரு.”

காலியான மரங்களை நோக்கி நாலைந்து காக்கைகள் போய்க்கொண்டிருந்தன. அவசரமே இல்லை அவற்றுக்கு. ஒன்று ஒரு கூட்டின் விளிம்பில் உட்கார்ந்து, உள்ளே எட்டிப் பார்த்து, தலையைக் குனிந்தது. நிமிர்ந்தபோது வாயில் முட்டை இருந்தது.

“தாய் எந்திரிச்சாக் காக்காய்க்குத்தான் தீவாளி” என்றார் மாமா.

வேறு எதுவும் சொல்லவில்லை. பறவைகள் ஒவ்வொன்றாக இறங்கி, அதது தன் கூட்டைக் கண்டுபிடித்து உட்காரும்வரை நாங்கள் எழுந்திருக்கவில்லை. ஒரு மணி நேரம் ஆகியிருக்கும். நான் தொடர்ந்து ஒரு மணி நேரம் பறவையைப் பார்த்தது அதுதான் முதல் தடவை. வீட்டுக்கு வந்ததும் டவுசரைக் கழற்றி எறிந்துவிட்டு, காய்ச்சல் என்று சொல்லிப் படுத்துக்கொண்டேன். மறுநாள் பையைத் தடவிப் பார்த்தேன். மிச்ச வெடிகள் இல்லை. கரையிலேயே விழுந்திருக்கும்.

மாமா யாரிடமும் சொல்லவில்லை. அடுத்த வருடமும் அதற்கடுத்த வருடமும் பள்ளி விடுமுறைக்கு நானே அடம்பிடித்து அங்கே போனேன்.

மாமாவுக்குப் பறவைப் பெயர்கள் அதிகம் தெரியாது. நாரை, கொக்கு, வக்கா, நீர்க்காக்கை, தாரா என்று ஏழெட்டுப் பெயர்களில் மொத்தக் கண்மாயையும் அடக்கிவிடுவார். ஆனால் கலுங்கில் தண்ணீர் எத்தனை கல்லுக்கு நிற்கிறது என்பதைப் பார்த்து, இந்த வருடம் எந்தப் பறவை கூடு கட்டும், எது பார்த்துவிட்டுத் திரும்பிவிடும் என்று சொல்லுவார். மரத்தைச் சுற்றித் தண்ணீர் நின்றால்தான் அவை கூடு கட்டும். பூனையும் கீரியும் நீந்தி வராது அல்லவா? குஞ்சு பறக்கப் பழகுமுன் தண்ணீர் வற்றிவிட்டால் பெற்றவை கூட்டைக் கைவிட்டுப் போய்விடுவதும் உண்டு. ஆகவே மடையைத் திறக்கிற கை கொஞ்சம் யோசித்துத்தான் திறக்கும்.

இதில் பாசம் மட்டுமே இருப்பதாக எழுதுகிறவர்களை நான் நம்புவதில்லை. அவர்கள் வயலை மறந்துவிடுகிறார்கள். பறவையின் எச்சம் விழுந்து ஊறிய தண்ணீர் வயலில் பாய்ந்தால் உரச்செலவு குறையும் என்பது மாமாவின் கணக்கு. வேடந்தாங்கலிலும் இதே கணக்குத்தான். வெள்ளைக்காரச் சிப்பாய்கள் ஏரியில் பறவைகளைச் சுட, ஊரார் திரண்டுபோய்ச் செங்கல்பட்டு கலெக்டர் லயோனல் பிளேஸிடம் முறையிட்டு, 1798-இல் ‘கௌல்’ என்ற உரிமை ஆவணம் வாங்கினார்கள். அந்த ஆவணம் தொலைந்துபோக, 1858-இல் மறுபடி கேட்டு வாங்கிவைத்துக்கொண்டார்கள். ஒரு கிராமம் தொலைந்த காகிதத்துக்காக மறுபடி அலைகிறதென்றால் அதில் நெல்லும் இருக்க வேண்டும். எங்கள் பக்கத்துக்குக் காகிதம் மெதுவாகத்தான் வந்தது. 1977-இல்தான் வேட்டங்குடி, பெரிய கொள்ளுக்குடிப்பட்டி, சின்னக் கொள்ளுக்குடிப்பட்டி என்ற மூன்று கண்மாய்களும் சேர்த்துச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டன. மொத்தமே 38.4 ஹெக்டேர். இப்போது ஒவ்வொரு தீபாவளிக்கும் வனத்துறையினர் வந்து ஊராருக்கு இனிப்புக் கொடுத்துவிட்டுப் போகிறார்கள்.

எங்கள் சொந்த ஊர் அங்கிருந்து பத்துப் பன்னிரண்டு மைல். சரணாலயம் இல்லை, பலகை இல்லை, கண்மாய் உண்டு. அங்கே எனக்கு ஆசான் அப்பத்தா. அப்பத்தா பறவையைப் பார்த்ததே இல்லை என்று சொல்லலாம், எல்லாம் காதுதான். “கரிச்சான் கத்திருச்சு, எந்திரிங்க” என்பார். கோழி கூவுவதற்கும் முன்னால், நட்சத்திரம் மறையாத இருட்டில், கரிச்சான் குருவி மின்கம்பியில் உட்கார்ந்து தொடங்கிவிடும். ராத்திரி வயல் பக்கம் ஆள்காட்டி கத்தினால் எழுந்து உட்கார்ந்துவிடுவார். ஆள்காட்டி சும்மா கத்தாது. யாரோ வரப்பில் நடக்கிறார்கள் என்று அர்த்தம். எங்கள் வெள்ளரித் தோட்டத்தில் திருட வந்த இரண்டு பேர் அந்தப் பறவையால்தான் மாட்டினார்கள். அதில் ஒருவன் என் சிநேகிதன் என்பதால், ஆள்காட்டி மேல் எனக்கு நீண்ட காலம் வருத்தம் இருந்தது. வேலியோரம் தவிட்டுக்குருவிகள் கூட்டமாகக் கூடி இரைந்தால் அங்கே போகாதே, பாம்பு கிடக்கும் என்பார். போய்ப் பார்த்திருக்கிறேன். பத்துக்கு நான்கு தடவை பாம்பு, மூன்று தடவை ஓணான், மற்றதெல்லாம் அவற்றின் சொந்தச் சண்டை.

படித்து, மதுரையில் வேலைக்குச் சேர்ந்து, தொண்ணூறுகளின் கடைசியில் பழைய சாமான் கடையொன்றில் ஒரு பைனாகுலர் வாங்கினேன். எட்டுக்கு நாற்பது. அதாவது எட்டு மடங்கு பெரிதாகக் காட்டும், முன்கண்ணாடி நாற்பது மில்லிமீட்டர் அகலம். பறவை பார்க்க இது போதும். பத்துப் பன்னிரண்டு மடங்கு என்று ஆசைப்பட்டால் கை நடுக்கமும் அத்தனை மடங்கு பெரிதாகிவிடும். கிளை நூலகத்தில் தமிழில் எழுதிய பறவைப் புத்தகம் ஒன்று கிடைத்தது. மாமாவின் ‘நாரை’ அதில் பல பறவைகளாகப் பிரிந்தது. மஞ்சள் அலகும் வாலுக்கு மேல் ரோஜா நிறமுமாக நிற்பது சங்குவளை நாரை. அலகை மூடினாலும் நடுவில் சந்து தெரிவது நத்தைகுத்தி நாரை. தண்ணீருக்குள் அலகைவிட்டுத் துழாவி நத்தையைப் பிடித்து, அலகு நுனியால் சதையை மட்டும் உருவித் தின்னும் வேலைக்கு ஏற்ற அமைப்பு அது. அவை இரை தேடிய இடத்தில் உடையாத நத்தை ஓடுகள் கிடக்கும்.

புத்தகமும் கருவியும் கிடைத்த மகிழ்ச்சியில் ஊருக்குப் போய், மறுநாள் காலை ஆறரைக்கெல்லாம் கண்மாய்க் கரையில் நின்றேன். எதிரே நாணலுக்குள் ஏதோ நீலமாக அசைந்தது. நீலத்தாழைக்கோழியாக இருக்க வேண்டும். கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“தம்பி, யாரைப் பாக்குற?”

பின்னால் மூன்று பேர் நின்றார்கள். அப்போதுதான் கவனித்தேன், நாணலுக்கு நேர் பின்னால் பெண்கள் குளிக்கும் படித்துறை. காது மடல் வரை சூடேறிவிட்டது. பறவை என்றேன். ஒருவர் பைனாகுலரை வாங்கித் தானும் பார்த்தார். அவருக்குப் பறவை தெரியவில்லை, தன் மனைவி துணி துவைப்பது தெரிந்தது. நிலைமை மோசமாவதற்குள் அந்த வழியாக வந்த பெரியவர் ஒருவர், “அட, இது நம்ம வாத்தியார் பேரன்ல? கொக்குக் கிறுக்கு புடிச்ச பய, விடுங்கப்பா” என்று காப்பாற்றிவிட்டார். அந்தப் பெயர் ஊரில் நிலைத்துவிட்டது. அன்றிலிருந்து, எந்த ஊர்க் கண்மாய்க்குப் போனாலும் முதலில் படித்துறை எந்தப் பக்கம் என்று பார்த்துவிட்டுத்தான் பைனாகுலரை உறையிலிருந்து எடுப்பது.

கரையிலேயே கிடந்ததில் ஒன்று புரிந்தது. எங்கள் சீமையில் நிலம் மேற்கே உயர்ந்து கிழக்கே சரிகிறது. அதனால் பெரும்பாலான கண்மாய்களுக்குக் கரை கிழக்குப் பக்கம்தான் இருக்கும். விடிந்ததும் கரைமேல் நின்றால் வெயில் நம் முதுகில், வெளிச்சம் பறவைமேல். இறகின் நிறம், கண்ணின் நிறம் எல்லாம் துலங்கும். அதே இடத்தில் சாயங்காலம் நின்றால் எல்லாம் கரிக்கோட்டில் வரைந்த உருவங்கள். அப்போது உள்வாய்க்குச் சுற்றிப்போக வேண்டும். கரையை ஒட்டி ஆழம் அதிகம். அங்கே நீர்க்காகமும் முக்குளிப்பானும் நெற்றியில் வெள்ளை நாமம் போட்ட நாமக்கோழியும். நடுவில் அல்லி இலைமேல் இலைக்கோழி. தண்ணீர் கணுக்காலளவு ஆகும் இடத்தில் நெடுங்கால் உள்ளான். அதையும் தாண்டிச் சேறு காய்ந்த இடத்தில் வாலாட்டி, வானம்பாடி, ஆள்காட்டி. மாசி பங்குனியில் தண்ணீர் இறங்க இறங்க இந்த வரிசை அப்படியே கரையை நோக்கி நகர்ந்து வரும். அவரவருக்கு உரிய ஆழம் எங்கே போகிறதோ அங்கே அவரவர்.

இலைக்கோழியின் குடும்பக் கதையை அத்தையிடம் ஒருமுறை சொன்னேன். நீளவால் இலைக்கோழியில் பெட்டை முட்டையிட்டுவிட்டுப் போய்விடும். அடைகாப்பதும் குஞ்சு வளர்ப்பதும் சேவல். பெட்டை அடுத்த சேவலைத் தேடிப்போய் அங்கேயும் முட்டையிடும். அத்தை அரிசி புடைப்பதை நிறுத்தி, மாமா உட்கார்ந்திருந்த திண்ணையை ஒரு பார்வை பார்த்துவிட்டு, “புத்தியுள்ள குருவி” என்றார்.

என்னிடம் ஒரு நோட்டு இருக்கிறது. பார்த்த பறவைகளின் பட்டியல் எல்லோரும் வைத்திருப்பார்கள். இது நான் தப்பாக எழுதிய பறவைகளின் நோட்டு. முதல் பக்கத்தில் ‘செம்பழுப்பு முதுகு, வெள்ளை வயிறு, புதுக் கொக்கு’ என்று இரண்டு அடிக்கோட்டுடன் எழுதியிருக்கிறேன். அது மடையான். சேற்று நிறத்தில் வரப்போரம் சாமியார்போல நிற்கிறதே, பக்கத்தில் போகிறவரை பறக்காததால் குருட்டுக் கொக்கு என்கிறோமே, அதேதான். கூடு கட்டும் பருவத்தில் அதற்கு அப்படி ஒரு பட்டு முதுகு வந்துவிடும். ‘பழுப்பு நிற நாரை, தனியாக’ என்று இன்னொரு பதிவு. அது சங்குவளை நாரையின் இளசு. ரோஜா நிறம் வர வயதாக வேண்டும். மாந்தோப்பில் வெள்ளை ரிப்பன் போன்ற வாலுடன் ஒன்று, அதே வடிவில் செங்கல் நிறத்தில் ஒன்று. இரண்டு இனம் என்று எழுதி வைத்தேன். இரண்டும் அரசவால் ஈப்பிடிப்பான். ஆணிலேயே இரண்டு நிறமும் உண்டு.

இந்த நோட்டில் மிகவும் வெட்கப்படுகிற பக்கம் குயிலுடையது. உடம்பெல்லாம் வெள்ளைப் புள்ளி போட்ட பழுப்புப் பறவை ஒன்றை ஏழு வருடம் ‘தெரியவில்லை’ என்றே குறித்து வந்தேன். பெண் குயில். ஊரெல்லாம் கேட்கிற அந்தக் கூவல் கறுத்த ஆணுடையது; பெண் ‘கிக் கிக் கிக்’ என்று பதறுவதோடு சரி. நம் சினிமாப் பாட்டில் கூவுகிற பெண் குயில்களையெல்லாம் நினைத்துப் பார்க்கிறேன். நான் தனி ஆள் இல்லை என்பதில் ஓர் ஆறுதல்.

மற்றவர்கள் செய்கிற தப்பு ஒன்றையும் சொல்லாவிட்டால் மனம் ஆறாது. ஒவ்வொரு கார்த்திகைக்கும் எங்காவது ஒரு செய்தி வரும்: ஆஸ்திரேலியாவிலிருந்தும் சைபீரியாவிலிருந்தும் பறந்துவந்து இங்கே குஞ்சு பொரிக்கும் பறவைகள் என்று. கூடு கட்டும் நாரையும் கொக்கும் அரிவாள் மூக்கனும் கரண்டிவாயனும் நம் நாட்டுப் பறவைகள்தாம். எங்கே மழை பெய்து கண்மாய் நிறைகிறதோ அங்கே போய்ச் சேருகின்றன, அவ்வளவுதான். வடக்கேயிருந்து இமயத்தைத் தாண்டி வருகிற ஊசிவால் வாத்தும் நீலச்சிறகிக் கிளுவையும் வாலாட்டியும் இங்கே கூடு கட்டுவதில்லை. தின்று, உடம்பைத் தேற்றிக்கொண்டு, பங்குனி வாக்கில் திரும்பிப்போய்ப் பிறந்த மண்ணில்தான் முட்டையிடும். இதை மாமாவிடம் சொன்னபோது, “அப்ப அது விருந்தாளி, இது வீட்டுப் பொண்ணு” என்றார். நான் அரை மணி நேரம் விளக்கியது அவருக்கு ஆறு சொல்லில் முடிந்துவிட்டது.

விருந்தாளிகளில் எனக்குப் பிடித்தது ஆறுமணிக் குருவி. பச்சை முதுகு, மஞ்சள் கலந்த மார்பு, வால் அடியில் சிவப்பு, கண்ணில் கறுப்புப் பட்டை, இறக்கையில் நீலம். வண்ணப் பெட்டியைக் கொட்டிவிட்டதுபோல இருக்கும். விடிகிற நேரத்திலும் பொழுது சாய்கிற நேரத்திலும் இரண்டு அசைவில் ஒரு விசில் அடிப்பதால் அந்தப் பெயர். புரட்டாசி ஐப்பசியில் இரவோடு இரவாகப் பறந்து வருகிறது. வந்த களைப்பில் விளக்கு வெளிச்சத்தைப் பார்த்து வீடுகளுக்குள் நுழைந்துவிடுவதும் உண்டு. ஒரு விடியலில் அம்மா போன் செய்து, அடுப்படியில் அம்மிக்குப் பக்கத்தில் ஒரு குருவி உட்கார்ந்திருக்கிறது, கிளியுமில்லை மீன்கொத்தியுமில்லை, பறக்கவும் மாட்டேன் என்கிறது என்றார். நிறங்களைக் கேட்டதுமே தெரிந்துவிட்டது. கூடையைக் கவிழ்த்து இருட்டாக்கி, சாயங்காலம் தோட்டத்தில் திறந்துவிடச் சொன்னேன். நான் அதை அதுவரை நேரில் பார்த்ததில்லை. மூன்று காடுகளில் தேடியிருக்கிறேன். அம்மா அதற்குக் கிண்ணத்தில் தண்ணீர் வைத்துவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்து வெங்காயம் உரித்திருக்கிறார்.

சித்திரையில் எங்கள் ஊரில் மீன்பிடித் திருவிழா நடக்கும். தண்ணீர் முழங்காலுக்கு வந்ததும் ஊர்ப் பெரியவர்கள் சாமி கும்பிட்டு வெள்ளைத் துண்டை வீசுவார்கள். கரையில் நிற்கும் ஆயிரம் பேர் ஊத்தா, கச்சா, கொசுவலை, பழைய சேலை என்று கையில் கிடைத்ததோடு உள்ளே பாய்வார்கள். விரால், கெளுத்தி, கெண்டை. ஒரு மணி நேரத்தில் கண்மாய் கலங்கிய குழம்பாகிவிடும். பறவை பார்க்கிறவன் அன்றைக்கு வீட்டில் இருக்க வேண்டும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். ஆனால் கூட்டம் கலைந்த பிறகு, மத்தியானம் இரண்டு மணி வெயிலில் போய்ப் பாருங்கள். சேற்றில் பதிந்த காலடித் தடம் ஒவ்வொன்றிலும் ஒரு கை தண்ணீர், அதில் தப்பிய குஞ்சு மீன். தடத்துக்கு ஒன்றாகக் கொக்கு நிற்கும். மேலே செம்பருந்து வட்டமடிக்கும். அதைக் கண்டால் கன்னத்தில் போட்டுக்கொள்ளும் எங்கள் சித்தி, தன் கூடையிலிருந்து அது ஒரு கெண்டையைத் தூக்கிக்கொண்டு போன அன்று மட்டும் போட்டுக்கொள்ளவில்லை.

2016-இல் மழை பொய்த்தது. தமிழகத்தில் வடகிழக்குப் பருவமழை வழக்கத்தைவிட 62 சதவீதம் குறைந்த வருடம். அந்தத் தீபாவளிக்குக் கொள்ளுக்குடிப்பட்டிக்குப் போயிருந்தேன். கண்மாய் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. உள்வாயில் ஆடுகள். கருவேல மரங்களில் பழைய கூடுகளின் சுள்ளிகள் மட்டும் தொங்கின. எச்சம் படிந்த வெள்ளைகூட உதிர்ந்துவிட்டிருந்தது. பறவை என்று பார்த்தால் ஒரு கரிச்சான், இரண்டு மைனா. அன்றும் அத்தை வீட்டுப் பக்கம் ஒரு வெடிச்சத்தம் கேட்கவில்லை. பறவையே இல்லாதபோது யாருக்காக என்று மாமாவிடம் கேட்டேன். அவருக்கு அப்போது காது மந்தம். அத்தைதான் பதில் சொன்னார்.

“ஒரு வருசம் வாங்கிக் குடுத்துட்டா அடுத்த வருசம் இந்தப் பயலுகள எப்படிப்பா நிறுத்துறது?”

அடுத்த சில வருடங்களில் மாமா போய்ச் சேர்ந்தார். கடைசிவரை மடை பார்க்கப் போனார் என்று எழுதத்தான் ஆசை. உண்மையில் கடைசி ஒரு வருடம் கட்டிலோடுதான் இருந்தார். கடகடப்பு கேட்கிறதா என்று மட்டும் போகிற வருகிறவர்களிடம் கையால் கேட்பாராம்.

2021-இல் மழை கொட்டித் தீர்த்தது. கலுங்கு மறுகால் பாய்ந்தது. தீபாவளிக்கு மறுநாள் போனேன். மரம் கொள்ளாமல் பறவை. நத்தைகுத்திகள் ஒன்றின் கூட்டிலிருந்து மற்றொன்று சுள்ளி திருடிக்கொண்டிருந்தன. திருடிய சுள்ளியைத் தன் கூட்டில் செருகிவிட்டுத் திரும்புவதற்குள், அந்தக் கூட்டிலிருந்து வேறொன்று திருடிக்கொண்டு போய்விடும். ஒரே சுள்ளி மூன்று கூடு மாறியதைக் கண்ணால் பார்த்தேன். இதைக் காட்டலாமென்று மாலையில் அத்தையைக் கையைப் பிடித்துக் கரைக்குக் கூட்டிவந்தேன். புரை அறுவை செய்த கண். பைனாகுலரைச் சரிசெய்து நீட்டினேன்.

“எனக்கு எதுக்குப்பா இது? அம்பது வருசமா முத்தத்துல அதுக போடுற எச்சத்தைக் கூட்டிப் பெருக்குறேன். இன்னும் கிட்டத்துல வேற பாக்கணுமாக்கும்?”

இருந்தாலும் வாங்கிக் கண்ணில் வைத்தார். வெகுநேரம் எடுக்கவில்லை. பிறகு, கண்ணை எடுக்காமலேயே கேட்டார்.

“அன்னைக்கு எத்தனை வெடிய எடுத்துட்டு வந்த?”

எனக்கு ஒரு நிமிடம் விளங்கவில்லை. விளங்கியதும் ஒன்பது வயதுப் பயலின் குரலில்தான் பதில் வந்தது. “ஆறு.”

“நாலுதான் இருந்துச்சு டவுசர் பையில. துவைக்கப் போட்டப்பப் பாத்தேன். அடுப்புலயும் போட முடியாது, குப்பையிலயும் போட முடியாது, ஏதாச்சும் பய எடுத்துருவான். உங்க மாமாவுக்குத் தெரிஞ்சா என்ன சொல்லுவாகளோன்னு வேற பயம். மாட்டுத் தொட்டியில முக்கி, ஒருநாள் பூரா ஊறப்போட்டுத்தான் புதைச்சேன்.” பைனாகுலரை என் கையில் திருப்பித் தந்தார். “அந்தத் தண்ணிய மாடு குடிக்கலப்பா. ரெண்டு நாளா அதை என்னன்னு கேட்டுக்கிட்டே இருந்தாரு உங்க மாமா.”